ராதாநாத் சிக்தார்: கதையும் கோப்பும்

எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு வங்காளி என்று பள்ளிப் பருவத்தில் நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். சொல்லப்படும் கதை இதுதான். 1852ஆம் ஆண்டு ஒரு நாள் காலை, இந்திய சர்வே துறையின் தலைமை அதிகாரி சர் ஆண்ட்ரூ வாஹ் தமது அறையில் அமர்ந்திருக்கிறார். ராதாநாத் சிக்தார் என்ற ஊழியர் மூச்சிரைக்க ஓடி வந்து, "ஐயா, உலகிலேயே உயரமான மலையைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்கிறார்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கை வரலாற்றை எழுத உட்காருபவருக்கு இந்தக் கதையே முதல் இடைஞ்சல். சிக்தாரைப் பற்றித் தமிழில் வந்த சிறு கட்டுரைகளும் பாடப் புத்தகக் குறிப்புகளும் பெரும்பாலும் இதில் தொடங்கி இதிலேயே முடிந்துவிடுகின்றன. அவர் 56 ஆண்டுகள் வாழ்ந்தவர். அதில் முப்பது ஆண்டுகள் அரசுப் பணி. அத்தனையும் ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிப்போய்விட்டது. அதிகம் அறியப்படாத ஒருவரின் சரித்திரத்தை எழுத என்னென்ன தேட வேண்டும், எதை நம்பலாம், எதை ஒதுக்க வேண்டும் என்பதற்கு ராதாநாத் நல்ல உதாரணம் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. 1813 அக்டோபரில் கல்கத்தா ஜோராசங்கோ பகுதியில், பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் பெயர் தீதுராம். ஹிந்து கல்லூரியில் படித்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் இருவர். ஒருவர் டெரோஸியோ, இருபது வயதைத் தாண்டுவதற்குள் கல்கத்தா இளைஞர்களைச் சாஸ்திர சம்பிரதாயங்களைக் கேள்வி கேட்கச் செய்தவர். மற்றொருவர் டாக்டர் டைட்லர். இவரிடம் ராதாநாத் நியூட்டனின் 'பிரின்ஸிபியா'வைப் பாடம் கேட்டார். அந்நூலை முறையாகப் படித்த முதல் இந்தியர்களில் ஒருவர் என்றே அவரைச் சொல்கிறார்கள்.

அப்போது ஜார்ஜ் எவரெஸ்ட் கல்கத்தாவில் பராக்பூர் சாலையில் அடிக்கோடு அளந்துகொண்டிருந்தார். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி நமது பரங்கிமலை அருகே லாம்ப்டன் தொடங்கிய அளவையின் தொடர்ச்சிதான் இது. கோளத் திரிகோணமிதி தெரிந்த இளைஞர்கள் எவரெஸ்டுக்குத் தேவைப்பட்டார்கள். டைட்லர் தம் மாணவரை அனுப்பினார். 1831 டிசம்பர் 19ஆம் தேதி ராதாநாத் பணியில் சேர்ந்தார். அதற்கு ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 26ஆம் தேதி, டெரோஸியோ 22 வயதில் காலமானார்.

ராதாநாத்தின் பதவிப் பெயர் 'கம்ப்யூட்டர்'. அந்நாளில் அந்தச் சொல் இயந்திரத்தைக் குறிக்கவில்லை, கணக்குப் போடும் மனிதரைக் குறித்தது என்பதை நமது பேரன் பேத்திகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். லாகரிதம் அட்டவணையும் காகிதமும் இறகுப் பேனாவும்தான் கருவிகள்.

இனி அந்தக் கதைக்கு வருவோம். இமயத்தின் சிகரங்களைச் சமவெளியிலிருந்தே அளக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் நேபாளத்துக்குள் ஆங்கிலேயருக்கு அனுமதி இல்லை. 1849-50 பருவத்தில் ஜேம்ஸ் நிக்கல்சன் என்ற அதிகாரி ஆறு நிலையங்களிலிருந்து ஒரு சிகரத்தின் கோணத்தை எடுத்தார். அதற்கு அப்போது ரோமன் எண்ணில் பதினைந்து என்பதே பெயர். மிக அருகிலிருந்த நிலையமே 108 மைல் தூரத்தில் இருந்தது. அவ்வளவு தொலைவில் பூமியின் வளைவால் மட்டும் சிகரம் சுமார் எட்டாயிரம் அடி தாழ்ந்து தெரியும். காற்றில் ஒளி வளைவதால் அது ஆயிரம் அடிக்கு மேல் உயர்ந்தும் தெரியும். இந்த இரண்டாவது திருத்தம்தான் சிரமமானது. காலை, மாலை, வெப்பம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். கோணம் எடுப்பது சில மணி நேர வேலை. கணக்கு வருடக் கணக்கில் நீளும் வேலை.

ஆறு நிலையங்களிலிருந்து கிடைத்த உயரங்கள் பின்னாளில் அச்சேறியிருக்கின்றன. ஜிரோல் 28,991.6 அடி, மிர்ஸாபூர் 29,005.3, ஜோஃப்பதி 29,001.8, லட்னியா 28,998.6, ஹர்பூர் 29,026.1, மினாய் 28,990.4. அன்பர்கள் ஒரு காகிதத்தில் கூட்டி ஆறால் வகுத்துப் பார்க்கலாம். 29,002.3 வரும். இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. உயரம் சரியாக 29,000 அடி என்று வந்ததாகவும், முழு எண்ணை யாரும் நம்பமாட்டார்கள் என்று வாஹ் இரண்டு அடியைச் சேர்த்துவிட்டதாகவும் ஒரு ஹாஸ்யக் கதை இன்றைக்கும் உலவுகிறது. ஆறு எண்களின் சராசரியைப் போட்டுப் பார்த்தால் அந்தக் கதை நிற்கவில்லை. சுவையான கதைகளைச் சோதிக்க எப்போதும் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை; சில சமயம் ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும்.

2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது ஏறத்தாழ 29,032 அடி. நூறு மைலுக்கு அப்பாலிருந்து, ஒளிவளைவை உத்தேசித்துப் போட்ட கணக்கில் வித்தியாசம் முப்பது அடி!

சரி, ஓடி வந்து சொன்னது? இங்கேதான் எழுதுபவர் நிதானிக்க வேண்டும். 1904ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் சிட்னி பர்ரார்ட் எழுதிய கட்டுரையில், 1852 வாக்கில் கல்கத்தா அலுவலகத்தின் தலைமைக் கம்ப்யூட்டர், பதினைந்தாம் எண் சிகரம் இதுவரை அளந்த எல்லாவற்றையும் விட உயரமானது என்று வாஹுக்குத் தெரிவித்தார் என்ற செய்தி இருக்கிறது. தெரிவித்தார், அவ்வளவுதான். ஓட்டமும் மூச்சிரைப்பும் வசனமும் பின்னால் மலையேற்ற நூல்களில் சேர்ந்தவை.

அந்தக் காட்சிக்கு இன்னொரு தடையும் உண்டு. 1849இலேயே ராதாநாத் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்துவிட்டார். வாஹின் தலைமையிடமோ டேராடூன். 1856 மார்ச் முதல் தேதி, சிகரத்தின் உயரத்தையும் அதற்கு எவரெஸ்டின் பெயர் வைக்கும் யோசனையையும் அறிவித்து அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதமே டேராடூனிலிருந்து கல்கத்தாவிலிருந்த தமது உதவி அதிகாரி துய்லியருக்குப் போனதுதான். ஒருவர் கல்கத்தாவிலும் மற்றவர் டேராடூனிலும் இருக்கையில் எந்த அறைக்குள் ஓடுவது? டேராடூனிலும் ஹென்னெஸ்ஸி முதலானோர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சர்வே துறையின் சரித்திரத்தை எழுதிய கர்னல் ஃபிலிமோர் இந்தக் காரணங்களால் அந்தக் கதையை ஏற்கவில்லை.

அப்படியானால் ராதாநாத்துக்கு அதில் பங்கு இல்லையா? அதுவும் சரியல்ல. கணக்குத் துறையின் தலைமை அவரிடம் இருந்தது. எவரெஸ்ட் காலத்திலிருந்து உருவான கணக்கு முறைகளில் அவர் கை இருந்தது. நிக்கல்சன் கோணம் எடுத்தார், பலர் கணக்கிட்டார்கள், வாஹ் நான்கு ஆண்டுகள் பொறுத்துச் சரிபார்த்து அறிவித்தார். இது ஒரு துறையின் சாதனை. அதில் மிக முக்கியமான மூளைகளில் ஒன்று ராதாநாத்தினுடையது. எழுத நேர்மையான வாக்கியம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். பெருமைக்காக இதற்கு மேல் ஏற்றிச் சொன்னால், நாளை யாரோ ஒருவர் கதையை உடைக்கும்போது ஆளையும் சேர்த்து உடைத்துவிடுவார்.

கதையை ஒதுக்கிவிட்டால் ராதாநாத்திடம் எழுத என்ன மிஞ்சும் என்று தோன்றலாம். கோப்புகளைப் பார்த்தால் கதையில் வரும் ஆளைவிடப் பெரிய ஆள் அங்கே இருக்கிறார்.

எவரெஸ்ட் எளிதில் யாரையும் புகழாதவர், முன்கோபி. அவர் ராதாநாத்தின் தகப்பனாருக்கு எழுதிய ஒரு கடிதம் கிடைத்திருக்கிறது. நீங்கள் டேராடூன் வந்திருந்தால் இப்படிப்பட்ட மகனைப் பெற்ற உங்களுக்கு நான் எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறேன் என்பதை நேரில் காட்டியிருப்பேன் என்ற பொருளில் அது அமைந்திருக்கிறது. வாஹ் 1851இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போன அறிக்கையில் ராதாநாத்தின் கணித ஆற்றலைத் தனியே பெயர் சொல்லிப் பாராட்டினார். ஆனால் இதே ராதாநாத் வேறு அரசுப் பணிக்குப் போக முயன்றபோது எவரெஸ்ட் விடவில்லை. மேலதிகாரியின் சம்மதம் இல்லாமல் ஒரு துறையிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியாது என்ற நிலையை உண்டாக்கினார். அரசு அலுவலகத்தில் காலம் கழித்த நமக்கு இது புதிதா? கெட்டிக்காரனுக்கு நல்ல ரிப்போர்ட் கொடுப்பார்கள், 'ரிலீவ்' மட்டும் செய்யமாட்டார்கள். எவரெஸ்டின் பாராட்டைப் படிக்கும்போது பக்கத்தில் இந்தக் கோப்பையும் வைத்துப் படிக்க வேண்டும்.

1843ஆம் ஆண்டு டேராடூனில் நடந்தது என்னை மிகவும் கவர்ந்தது. வான்ஸிட்டார்ட் என்ற மாஜிஸ்ட்ரேட், சர்வே துறையின் கூலியாட்களைப் பிடித்துத் தமது சாமான்களைச் சுமக்க வைத்தார். அந்நாளில் அதிகாரிகள் மலைப்பகுதியில் இப்படி வெட்டிவேலை வாங்குவது சர்வ சாதாரணம். ராதாநாத் அந்தச் சாமான்களையே தடுத்து வைத்துக்கொண்டார். உரியவர் வந்து பதில் சொல்லட்டும் என்றார். மாஜிஸ்ட்ரேட்டோடு மோதினால் என்ன ஆகும் என்று தெரியாதவர் அல்ல. வழக்கு நடந்து அவருக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் கல்கத்தாவில் 'பெங்கால் ஸ்பெக்டேட்டர்' பத்திரிகை இந்த வழக்கை வெளியிட்டதால் வெட்டிவேலைக் கொடுமை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. முப்பது வயது கணக்கர் ஒருவர், தமக்குக் கீழே வேலை செய்த மலைவாசிக் கூலிகளுக்காக வெள்ளைக்கார அதிகாரியை எதிர்த்து நின்றார். எவரெஸ்ட் சிகரம் என்ற ஒன்று இல்லாமலே போயிருந்தாலும் இந்த ஒரு காரியத்துக்காக ராதாநாத்தின் சரித்திரத்தை எழுதலாம்.

அடுத்தது, பெயர் நீக்கப்பட்ட விவகாரம். 1851இல் ஸ்மித், துய்லியர் இருவரும் தொகுத்த 'இந்தியாவுக்கான சர்வே கையேடு' வெளிவந்தது. சர்வே பணிக்கு வருபவர்களுக்கெல்லாம் அதுதான் வேதம். அதன் முன்னுரையில், மூன்றாம் பாகத்தின் சில அத்தியாயங்களும் ஐந்தாம் பாகம் முழுவதும் பாபு ராதாநாத் சிக்தாரின் சொந்த உழைப்பு என்று தொகுப்பாளர்களே எழுதினார்கள். 1855இல் இரண்டாம் பதிப்பு. 1870 மே 17ஆம் தேதி ராதாநாத் சந்திரநாகூரில் காலமானார். 1875இல் மூன்றாம் பதிப்பு வந்தது. ராதாநாத் எழுதிய விஷயம் அதில் இருந்தது. அவர் பெயர் சொன்ன வாசகம் முன்னுரையில் இல்லை. அப்போது துய்லியர்தான் சர்வேயர் ஜெனரல். 'ஃபிரெண்ட் ஆஃப் இந்தியா' பத்திரிகையில் 1876இல் கண்டனம் வந்தது. இறந்தவரின் சொத்தைக் களவாடுவதற்குச் சமம் என்று அது கடுமையாகச் சொன்னது. அதை எழுதியவர் சர்வே துறையைச் சேர்ந்த மக்டானல்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி என்பது கவனிக்கத்தக்கது.

வெள்ளைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து இந்தியனை மறைத்தார்கள் என்று எழுதுவது எளிது. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பெயரை அச்சிட்டதும் வெள்ளைக்காரர்கள், நீக்கியதும் வெள்ளைக்காரர்கள், நீக்கியதைக் கண்டித்ததும் ஒரு வெள்ளைக்காரர். மூன்றையும் சொன்னால்தான் சரித்திரம். எவரெஸ்ட் விஷயத்தில் அனுமானத்தின் மேல் கட்டிய புகாரைவிட, இரண்டு பதிப்புகளின் முன்னுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் இந்தப் புகார் நூறு மடங்கு வலுவானது. இதை யாராலும் மறுக்க முடியாது. இருந்தும் பலருக்கு அந்தக் கதைதான் தெரியும், இது தெரியாது.

கல்கத்தா வந்தபின் 1852இல் அங்குள்ள வானிலை ஆய்வுக்கூடத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது. பாரமானியில் உள்ள பாதரசமும் பித்தளை அளவுகோலும் வெப்பத்தில் வெவ்வேறு விதமாக விரிவதால், எல்லா அளவுகளையும் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கொண்டு வந்தால்தான் ஒப்பிட முடியும். அதற்கான சூத்திரத்தை அவர் வகுத்து அட்டவணையுடன் ஏஷியாடிக் சொஸைட்டியின் இதழில் வெளியிட்டார். மணிக்கு ஒரு தரம் அளவு எடுக்கும் ஒழுங்கும் அவர் காலத்தில்தான் அங்கே நிலைபெற்றது. இது பரபரப்பில்லாத வேலை. வாழ்க்கை வரலாற்றில் இதற்குத் தனி அத்தியாயம் தர யாரும் விரும்புவதில்லை, நானும் ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1854இல் பியாரி சந்த் மித்ராவுடன் சேர்ந்து 'மாசிக் பத்ரிகா' என்ற வங்காளி மாத இதழைத் தொடங்கினார். சம்ஸ்கிருதம் மண்டிய பண்டித நடையை விட்டு, வீட்டுப் பெண்கள் படித்துப் புரிந்துகொள்ளும் பேச்சு நடையில் எழுத வேண்டும் என்பது கொள்கை. பியாரி சந்தின் 'ஆலாலேர் கரேர் துலால்' அதில்தான் தொடராக வந்தது. வங்காளி நாவலின் வரலாறு எழுதுபவர்கள் அதைத் தவிர்க்க முடியாது. காலமெல்லாம் ஆங்கிலத்தில் கணக்கெழுதிய மனிதர் தாய்மொழி எளிமையாக இருக்க வேண்டும் என்று கவலைப்பட்டிருக்கிறார்.

நம் வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு. ராதாநாத் பிராமணர், ஆனால் கோமாமிசம் உண்பதை வெளிப்படையாக ஆதரித்தவர். அதைச் சாப்பிடும் ஜாதிகளை யாரும் அடக்கியாள முடியாது என்று வாதிட்டாராம். சிறு பெண்ணை மணக்க மறுத்துக் கடைசிவரை பிரம்மச்சாரியாகவே இருந்தார். சிவநாத் சாஸ்திரி 1904இல் எழுதிய 'ராம்தனு லாஹிரியும் அக்கால வங்க சமூகமும்' என்ற நூலில் ராதாநாத்தைப் பற்றிய சித்திரத்தில் இந்த உணவு விஷயமும் வருகிறது. இந்தச் செய்தியை விட்டுவிட்டுப் 'பிராமண கணித மேதை' என்று நாம் அவரைக் கொண்டாடினால், துய்லியர் முன்னுரையில் செய்ததை நாம் வேறு விதமாகச் செய்கிறோம் என்றே கொள்ள வேண்டும். டெரோஸியோவின் சீடர் அவர். அந்தப் பிடிவாதம்தான் டேராடூனில் மாஜிஸ்ட்ரேட்டின் சாமான்களையும் தடுத்து வைத்தது. ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்று மனிதரைப் பிரித்தெடுக்க முடியாது.

ஃபிலிமோரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவரும் ஓய்வுபெற்ற சர்வே அதிகாரி. வேலையை விட்டபின் துறையின் பழைய கடிதக் கட்டுகளைப் புரட்டி ஐந்து பெரிய தொகுதிகள் எழுதினார். முதல் தொகுதி 1945இல் வந்தது. எவரெஸ்ட் காலத்தைச் சொல்லும் நான்காவது 1958இல். 1964இல் அவர் காலமானார். ஐந்தாவது அதன் பிறகு 1968இல் வெளிவந்து, எல்லைப் படங்கள் குறித்த கவலையால் திரும்பப் பெறப்பட்டது. ஒவ்வொரு தொகுதியின் பின்னாலும் அந்தக் காலத்தில் வேலை பார்த்த ஊழியர்களின் சிறு வாழ்க்கைக் குறிப்புகள் இருக்கும். பெரிய துரைகளுக்கு மட்டுமல்ல, உதவியாளர்களுக்கும். எங்கே சேர்ந்தார், எப்போது மாற்றல், யாரோடு சண்டை, என்ன நோய் என்று எல்லாம் இருக்கும். நமது ஓய்வுக் காலத்தில் செய்யக்கூடிய காரியங்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ராதாநாத்தைப் பற்றி எழுதத் துணிபவருக்கு மூன்று இடத்துத் தடயங்கள் வேண்டும். துறையின் ஆங்கிலக் கோப்புகள் வேலையைச் சொல்லும், மனிதரைச் சொல்லாது. வங்காளி நூல்கள் மனிதரைச் சொல்லும், ஆனால் அவற்றில் செவிவழிச் செய்தியும் கலந்திருக்கும். அச்சிட்ட நூல்களின் வெவ்வேறு பதிப்புகள் இரண்டும் சொல்லாததைச் சொல்லும். ஒரே சம்பவம் இரண்டு இடத்தில், ஒன்றையொன்று பார்க்காமல் எழுதியவர்களிடம் அகப்பட்டால் நம்பலாம். ஒரே இடத்தில் மட்டும் இருந்தால், இன்னார் சொன்னது என்று குறித்துவிட்டு எழுதலாம்.

2004 ஜூன் 27ஆம் தேதி தபால் துறை, மகா திரிகோணமிதி அளவையின் நினைவாக வெளியிட்ட தபால் தலைகளில் ஒன்றில் ராதாநாத்தின் உருவம் இருக்கிறது. மற்றொன்றில் திபெத்தை நடந்தே அளந்த நயின் சிங். ஃபிலிமோரின் முதல் நான்கு தொகுதிகளும் சர்வே கையேட்டின் பழைய பதிப்புகளும் இப்போது இணையத்தில் வீட்டிலிருந்தபடியே படிக்கக் கிடைக்கின்றன. கல்கத்தாவில் இருக்கும் அன்பர்களுக்கு ஆங்கிலத்தோடு வங்காளியும் படிக்கத் தெரிந்திருக்கும். ராதாநாத்தின் முழு வரலாறு தமிழில் எழுதப்படுமானால் அது அவர்களில் ஒருவரால்தான் நன்றாக எழுதப்படும். 1851ஆம் ஆண்டு முன்னுரையிலிருந்து தொடங்கலாம்.